பருவம் அறிந்த கப்பல்

உதகையும் கொடைக்கானலும் அலுத்துப்போன தாம்பரம்வாசிகள் அயல்நாட்டு யாத்திரைக்கு ஆசைப்படும் இந்நாளில், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட பெரியோர்களின் தீர்க்கதரிசனத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பதைப் பாலகனும் அறிவானாகையால், அதனை முறைப்படி வரவேற்கும் பொருட்டே 2023 அக்டோபர் 14 அன்று தொடக்க விழா நடத்தி, ஒரு வாரத்திற்குள் கப்பலுக்கு ஓய்வும் அளித்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் புதுக் கப்பல் புறப்பட்டது. மழைக்காலம் வந்ததும் அதுவும் மரபு வழுவாமல் நின்றது.

எழும்பூரில் போட் மெயில் ஏறி, தாம்பரம் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, ஒரே சீட்டில் கொழும்பு சேர்ந்த நம் பாட்டனார்கள் பாவம், சௌகரியத்தால் கெட்டவர்கள். நமக்கோ கிளாம்பாக்கத்தில் பேருந்து, இரவு முழுதும் விழிப்பு, மடியில் புளியோதரை, வாந்திக்கு எலுமிச்சம்பழம், கடைசியில் வானிலை அறிவிப்பு என மனோதிடத்தை வளர்க்கும் சாதனங்கள் எத்தனை! மீனம்பாக்கத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டென்று குறுக்கிடுவோர் ரசனையற்றவர்கள்.

மேலும், நாகையில் கப்பல் நிற்கும் அதே பருவத்தில்தான் நம் முடிச்சூரில் படகு ஓடத் தொடங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது வீட்டு வாசலுக்கே வந்து, மாடியிலிருந்தோரையும் மரியாதையாக இறக்கி அழைத்துச் சென்றது. ஆகவே கடற்பயணம் விரும்பும் அன்பர்கள் முடிச்சூரை அடுத்த வரதராஜபுரத்தில் தரைத்தளமாகப் பார்த்துக் குடியேறுக, கடவுச்சீட்டு தேவையில்லை.