விண்டோஸ் சர்வரின் புகார்கள்: ஓர் ஆய்வு

விண்டோஸ் சர்வர் பராமரிப்பு என்பது, ஓர் இயந்திரத்தின் புகார்களில் எதைக் காதில் வாங்குவது, எதை விட்டுவிடுவது என்று ஆராயும் இயல். இத்துறையின் அறிஞர் அட்மின் எனப்படுவார். மூலநூல் ஈவென்ட் வியூவர்.

அந்நூலில் அப்ளிகேஷன், செக்யூரிட்டி, சிஸ்டம் என்பன முக்கியக் காண்டங்கள். அளவை யாரும் மாற்றாதவரை ஒவ்வொன்றும் பொதுவாக 20 எம்பி கொள்ளும். நிரம்பியதும் பழைய பதிவுகள் மேல் புதியவை எழுதப்படும். எனவே விபத்துக்குக் காரணமான வரி, விசாரணை தொடங்குமுன் மறைந்துவிடுவதும் உண்டு.

மாணவர் சிவப்புக் குறியைக் கண்டு பதறுவார். தேர்ந்தவர் எண்ணைப் பார்ப்பார். 10016-ஐப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே உரை எழுதிவிட்டது. 6008 என்றால், சர்வர் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் நின்றிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகிப்பது மரபு. 4625 வரிசையாக வந்தால் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிறார். அல்லது மாற்றப்பட்ட பாஸ்வேர்டு தெரியாமல் பழையதையே ஒப்பிக்கும் ஏதோ ஒரு ஷெட்யூல்டு டாஸ்க். செக்யூரிட்டி ஏட்டையே யாரோ துடைத்துவிட்டார் என்று சொல்லும் 1102-க்கோ சிவப்பு கிடையாது. வெறும் தகவல் என்ற சாதுவான குறியோடு அமர்ந்திருக்கும். நிறத்தை நம்பியவர் இங்கேதான் கெடுகிறார்.

அடுத்தது சி டிரைவ். வெப் சர்வரான ஐஐஎஸ் தன் லாக் ஃபைல்களை எழுதும். தானாக ஒருபோதும் அழிக்காது. டிரைவ் நிரம்பியதும் சிலர் கண் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்மேல் விழும். அதைக் கையால் அழித்தால் சர்வரே எழாமல் போகலாம். டிஸ்ம் கட்டளை போன்ற முறையான வழிகளால் மட்டுமே சுத்தம் செய்யத் தகும்.

2003 அக்டோபர் முதல் பேட்ச்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளிவருகின்றன. செவ்வாய் வெறுவாய் என்று சொல்ல, மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டில் ஆளில்லை போலும். பேட்சுக்குப் பின் ரீஸ்டார்ட். காரணம் என்னவென்று சர்வர் கேட்கும். குறிப்பு எழுதும் கட்டத்தில் பலர் ஒற்றைப் புள்ளி வைத்துத் தப்பிப்பர். ஆனால் யார் பெயரில் ரீஸ்டார்ட் நடந்தது என்பதை 1074 பதிந்துவைக்கும். "நான் தொடவே இல்லை" என்ற வாதம் அதன்முன் எடுபடாது.

கடைசியாக பேக்கப். வெற்றி என்று தினமும் வரும் செய்தி, எழுதி முடித்ததற்கு மட்டுமே சான்று. மீட்க முடியும் என்பதற்கு அல்ல. அவ்வப்போது சில ஃபைல்களை வேறோர் இடத்தில் மீட்டுத் திறந்து பார்க்காத அட்மினின் அறிக்கை ஏற்கத்தக்கதன்று.