சன்ஸ்கிரீனும் சுவிசேஷமும்

கேள்வி: இளைஞர்களுக்கென்றே நவீனமாக வரும் பைபிள்கள் விசுவாசத்தை வளர்க்குமா, கெடுக்குமா?

பதில்: 2003-இல் அமெரிக்காவின் தாமஸ் நெல்சன் பதிப்பகம் ‘ரிவால்வ்’ என்ற பெயரில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அட்டையில் சிரிக்கும் பெண்கள், உள்ளே வினாடி வினா, அழகுக் குறிப்பு. பார்த்தால் அசல் ஃபேஷன் பத்திரிகை. சன்ஸ்கிரீன் பூசும் நேரத்தில் கடவுளோடு பேசு என்கிறது ஒரு குறிப்பு. (வெயில் கொளுத்தும் ஊர்களில் பக்தி பெருகும் போலிருக்கிறது!) எளிய நடை வேதத்தின் மாண்பைக் குறைக்கும் என்பது பெரியவர்களின் புகார். அது நிற்காது. புதிய ஏற்பாடு எழுதப்பட்டதே அன்றைக்குக் கடைத்தெருவில் புழங்கிய கிரேக்கத்தில்தான். மொழிபெயர்ப்பாளர் டிண்டேல் 1526-இல் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை லண்டன் பிஷப் எரிக்கச் செய்தார். இன்று பெரியவர்கள் கொண்டாடும் 1611-ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பைபிளோ டிண்டேலின் வரிகளைத்தான் அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டது.

என் சண்டை ‘ரிவால்வ்’ பக்க ஓரத்துக் கட்டங்களோடுதான். பெண் முதலில் பையனுக்குப் போன் செய்யக் கூடாது என்று பவுல் எழுதவில்லை, பதிப்பாசிரியர் எழுதினார். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு இருவர் எழுதியதும் ஒரே புத்தகத்தில், ஒரே தோரணையில் வந்தால் எது யார் சொன்னதென்று எப்படித் தெரியும்? ஓரக்குறிப்பு என்ன புதிதா, 1560-இன் ஜெனீவா பைபிளிலேயே இருந்ததே என்பீர்கள். இருந்தது. ராஜாவை எதிர்க்கலாம் என்ற வாடை அடித்ததால் ஜேம்ஸ் மன்னருக்கு அவை ஆகவில்லை; தன் பைபிளில் சொல் விளக்கம் தவிர வேறு குறிப்பே கூடாதென்றுவிட்டார். ஆனாலும் ஜெனீவாவில் இருந்தவை வசனத்தோடு மல்லுக்கட்டிய குறிப்புகள். ‘ரிவால்வ்’ கட்டங்களோ வசனத்தை விட்டுவிட்டு வாசகியின் முகத்தைக் கவனிக்கின்றன. நடையை எவ்வளவு வேண்டுமானாலும் எளிமையாக்கட்டும். அழகுக் குறிப்பைத் தனிப் புத்தகமாகப் போட்டால் அதுவும் நன்றாகவே விற்கும்.