அனாமத்துக் கணக்கு

முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். தணிக்கைக்கு ஆள் வருகிறான் என்று தெரிந்ததும் சங்கங்களில் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. மூன்று மாதப் பேரேட்டை முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுவார்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா, ஒரே மை. ரொக்க இருப்பு குறைந்தால் எதிர் ஜவுளிக்கடையில் கைமாற்று வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள். நான் பஸ் ஏறியதும் பணம் ஜவுளிக்கடைக்குத் திரும்பிவிடும்.

சர்க்கரை வந்த பிறகு இந்த வித்தை முழுவதையும் நானே செய்ய ஆரம்பித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதற்கு மூன்று நாள் முன்பிருந்து நான் மகான். இரண்டு இட்லி, பாகற்காய்ப் பொரியல், வெந்தயத் தண்ணீர், விடியற்காலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை. நடை முடிகிற இடத்தில் ஒரு டிகிரி காபிக் கடை இருப்பது என் குற்றமில்லை. அந்த மூன்று நாளும் அந்தப் பக்கம் தலை திரும்பாது. நாலாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நேராக அங்கேதான் போவேன்.

மிச்ச நாட்களுக்கு என்னிடம் தனிக் கணக்கு உண்டு. கோயில் சர்க்கரைப் பொங்கல் பிரசாதம். அதைச் சாப்பாட்டில் சேர்த்தால் பாவம். கல்யாண வீட்டு ஜாங்கிரி, மரியாதைச் செலவு. காபிக்கு நாட்டுச் சர்க்கரை. ரத்தத்துக்குள் போனபின் வெள்ளைக்கும் நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னவர்களோடு நான் பேசுவதில்லை. ராத்திரி சோறே கிடையாது, சப்பாத்திதான். ஏழு. பேரன் டப்பாவிலிருந்து நள்ளிரவில் காணாமல் போன மைசூர்பாகு போல எந்தத் தலைப்பிலும் அடங்காதவற்றை அனாமத்தில் போட்டுவிடுவேன்.

போன வருஷம் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்தார். வெறும் வயிற்றில் 112. "பேஷ்!" என்றேன், நானே. அவர் அடுத்த வரிக்குப் போனார். ஹெச்பிஏ1சி 8.9.

"மேல இருக்கிறது நேத்து என்ன நடந்ததுன்னு சொல்லும் சார். இது மூணு மாசக் கதையைச் சொல்லும்."

சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம். ரத்தத்தில் சர்க்கரை மிதக்க மிதக்க, அதற்கேற்ற அளவு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டியது அணு சாகும்வரை போகாதாம். 7-க்குள் இருந்தால் நல்லது என்றார்.

எனக்கு வியர்த்தது. சங்கத்து டீயைக்கூடத் தொடாமல், ஊருக்குப் போக லீவு கேட்காமல், உள்ளேயே உட்கார்ந்து 120 நாள் குறிப்பெடுக்கிற தணிக்கையாளனை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அடுத்த தடவை உஷாரானேன். மூன்று நாளைப் பத்து நாளாக்கினேன். முந்தின ராத்திரி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்குக் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து எழுந்தேன்.

"என்னங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு!"

வீட்டு மீட்டரில் குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். மனைவி சமையலறைக்கு ஓடி, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, துணியில் சுற்றிய சர்க்கரை டப்பாவை வெளியே எடுத்தாள். ஆறு மாதமாக நான் சல்லடை போட்டுத் தேடிய டப்பா! மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 83. நடுக்கம் நின்றதும் எனக்கு வந்த முதல் யோசனை, 'அரிசி டிரம்மா!' என்பதுதான். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. விடிவதற்குள் டப்பா இடம் மாறிவிட்டது.

சர்க்கரைத் தண்ணீர் குடித்தவன் வெறும் வயிறு என்று எந்த முகத்தோடு சொல்வது? போன் செய்தேன். "ஹெச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு வேண்டாம் சார், வாங்க" என்றார் டாக்டரம்மா. தப்பிக்க வழியில்லை. 8.6.

நடந்ததைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கலாமா சார்? நீங்க காட்டுற பொய்க்கணக்கைப் பார்த்து நான் மருந்தை மாத்தினா, அது உங்க நிஜ உடம்புலதான் வேலை செய்யும்."

தணிக்கைக் குறிப்பென்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு வார்த்தை அதிகமில்லை.

இப்போதெல்லாம் பரிசோதனைக்கு முந்தின நாளும் வழக்கமான சாப்பாடுதான். சப்பாத்தி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. பிரசாதம் ஒரு விரல் நுனி. குளத்தைச் சுற்றுகிற நடை எல்லா நாளும் உண்டு; காபிக்கு நாட்டுச் சர்க்கரையும் இல்லை. அனாமத்துத் தலைப்பை அடியோடு மூடியாயிற்று.

போன மாதம் 7.4. தணிக்கைத் தடை இன்னும் நீங்கவில்லை. டப்பாவும் இன்னும் கிடைக்கவில்லை.