இன்டீரியருக்கு வந்த இன்டீரியர்

வா கண்ணு. அம்மிணி, நீயும் வா, அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. அது டிசைன் இல்ல, தாங்கும். கூட வந்த தம்பி யாரு? இன்டீரியர் பண்றவருங்களா? நல்லதாப் போச்சு. இத்தன வருசமா எங்கூரத்தான் எல்லாரும் இன்டீரியர்ம்பாங்க. பஸ்ஸு வராது, டவரு எடுக்காது, வாத்தியாரம்மாவுக்கு இங்க மாறுதல் போட்டா அழுதுருவாங்க. இப்ப என்னடான்னா, கோயமுத்தூர்ல ஆறாவது மாடியில ஒரு ஊட்ட வாங்கி, அதுக்கு இன்டீரியர் வேணும்னு தனியா ஒரு கடனும் வாங்கி, ஆளையுங் கூட்டிக்கிட்டு வந்திருக்கறீங்க. எங்கிட்டக் கேட்டிருந்தாச் சும்மாவே குடுத்திருப்பனே.

படத்தப் பாத்தேன் கண்ணு. லட்சணமா இருக்குது. அந்தப் படத்துல ஒரு மனுசங்கூட இல்ல, அதான் அத்தன சுத்தம். குடி போன மறுநாளே அத நீங்க கெடுத்துருவீங்க, அதுக்குத் தம்பி என்ன பண்ணுவாரு பாவம்.

மேல ஜிப்சம் பலகை அடிச்சு மொகட்ட அரையடி எறக்கறதாச் சொல்றாரு. பண்ணட்டும். எம்பாட்டன் வெவரங் கெட்டவன், இந்த ஓட்டூட்ட ஒசத்திக் கட்டிப்போட்டான். சூடு மேல ஏறும், ஓட்டுச் சந்துல வெளிய போயிரும்னு கணக்கு. நீ படிச்சவன். ஆறு மாடி ஏறிப் போயி, உள்ள நுழைஞ்சதும் மொகட்டக் கீழ எறக்கற. எறக்குன சூட்டத் தொரத்த ஏசி. லைட்டெல்லாம் அந்தப் பலகைச் சந்துக்குள்ள ஒளிஞ்சிருக்குமாமா. வெளக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். எங்க காலத்துல அப்பிடி வெளிச்சம் வந்தா பூசாரியக் கூட்டியாருவோம்.

பலகை அடிக்கறதுக்கு முந்தி மேலூட்டுக்காரங்க கிட்ட ஒரு பேச்சு பேசிக்க. அவிங்க குளிக்கற ரூமு ஒழுகிச்சுன்னா ஜிப்சம் ஊறித் தொங்கிரும். அத மட்டும் எந்தப் படத்துலயும் போட மாட்டாங்க.

செவுத்துக்கு என்ன சொன்னீங்க? லைம் வாஷா? சித்தெ இரு. தம்பி, இன்னொருக்காச் சொல்லுங்க. சுண்ணாம்பு. அதுவும் திட்டுத்திட்டா, மேகம் மாதிரி வரோணும். சதுர அடிக்கு இத்தன ரூவான்னு கூலி. நான் சிரிக்கல, இருமல்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில சூளைக்கல்லு வாங்கியாந்து பொடக்காலித் தாழியில போட்டுத் தண்ணி ஊத்துவோம். கொதிக்கும் பாரு, அடுப்பில்லாமக் கொதிக்கும். பசங்கள அண்ட விட மாட்டோம். ஆறுனதும் பழைய வேட்டியில வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, நசுக்குன தென்னமட்டையில அடிக்கறது. இந்தப் பக்கம் ஒரு கெழவன் இருந்தான், அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவன் அடிச்சா செவுரெல்லாம் மேகந்தான். திட்டு விழுந்திருக்குதுன்னு நாங்க அவன் கூலியில புடிச்சுக்கிட்டோம். உங்க அமுச்சி அவன ஒரு பேச்சு பேசுனா, அத இப்ப சொல்ல முடியாது, அம்மிணி இருக்குது. அந்த மனுசன் இன்னைக்கு இருந்தா பெங்களூருல ஆபீசு போட்டிருப்பான்.

ஆனா ஒண்ணு தம்பி. வெளையாட்டில்லாமச் சொல்றேன். சுண்ணாம்பு செவுத்துக்குள்ள ஊறோணும். காத்துல இருக்கற கரியமில வாயுவ இழுத்து மறுபடியும் கல்லாகோணும். அப்பத்தான் நிக்கும், பூஞ்சை புடிக்காது. நீங்க பட்டி வெச்சுத் தேச்சு, பிளாஸ்டிக் பெயின்டும் அடிச்ச செவுத்து மேல அதப் பூசுனா ஊற எடமேது? செதில் செதிலா உரிஞ்சு சோபா மேல விழுகும். அதுக்கும் ஏதாச்சும் ஒரு ஸ்டைல் பேரு வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியாது.

அப்பறம் அந்த ஜப்பான்டி. ஜப்பான்காரனும் சுவீடன் பக்கத்துக்காரனும் சம்மந்தம் பண்ணிக்கிட்ட மாதிரி ஒரு சமாச்சாரம்னு அம்மிணி வெளக்குச்சு. எல்லாம் வெளுத்த மரம், வெளுத்த துணி, சாம்பக் கலரு. அந்தப் பனி தேசத்துல குளுகாலத்துல சூரியன் எட்டிப் பாத்துட்டு ஓடிப்போயிருமாமா. இருக்கற துளி வெளிச்சத்தத் தக்க வெக்க ஊட்ட வெள்ளையா வெச்சுக்கறான். நமக்குச் சூரியன் ஊட்டுக்குள்ளயே குடியிருக்குது. அது கண்ணக் கூசுதுன்னு கனத்த திரை ஒண்ணு தொங்க விட்டு, இருட்டுன ரூமுக்குள்ள வெளுத்த சோபாவப் போட்டு, அத எட்டிப் பாக்கப் பகல்லயே லைட்டு. தரையோட தரையா உக்காந்து சாப்படறதுக்கு நல்ல வேளை ஜப்பான்ல இருந்து சொல்லி அனுப்புனாங்க. நான் சொன்னப்பக் காலு மரத்துப் போகுதுன்ன.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு. அத நான் கொறை சொல்ல மாட்டேன். கண்ணாடி மேல சாயத்த ஊத்தி, சிமிட்டியும் மணலும் போட்டுத் தண்ணியில ஊற வெச்சுக் காய வெக்கற கல்லு, சூளைக்கே போகாது. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்பப் பாத்தேன், மொகம் தெரிஞ்சது. காலு பட்டுப்பட்டுத்தான் அந்த மினுப்பு வரும் கண்ணு. நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்குப் போனா ராத்திரிக்கு வர்றீங்க. பகலெல்லாம் அந்த ஊட்டுல நடமாடறது அந்த வட்டக் கூட்டற மிசினு ஒண்ணுதான். அதுக்குக் காலு இல்லையே.

சமையக்கட்டுக்கு நான் வரல, அம்மிணி கோவிச்சுக்கும். செவுரே இல்லாத சமையக்கட்டு, அவ்வளவுதான் சொல்லுவேன். கருவாடு வறுக்கற அன்னைக்கு சோபாவும் சேந்து சாப்படும். கிரைண்டரு வெக்க மேடையில எடமில்ல, உள்ள ஒளிச்சரலாம்னாரு தம்பி. புவிசார் குறியீடு வாங்குன கோயமுத்தூர் கிரைண்டரு, அது கோயமுத்தூர்லயே தலமறவா இருக்கோணும்னா அதுக்கும் ஒரு கெரகம். போவுது. தொட்டிக்குக் கீழ அடிக்கற பிளைவுட்டுல மட்டும் ஐஎஸ் 710 முத்திரை இருக்குதான்னு நீயே குனிஞ்சு பாரு. நம்ம ஆசாரி சொன்னது. மேல ஒட்டற தாளு எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தான் மினுங்கும், உள்ள இருக்கறதத் தண்ணி வந்துதான் காட்டிக் குடுக்கும்.

வாசல்ல மருள் செடி வெச்சிருக்குது பாரு படத்துல, பீங்கான் தொட்டியில. அதோட சொந்தக்காரன் நம்ம வேலியோரத்துல கேக்க ஆளில்லாம நிக்கறான். இங்கிலீசுல அதுக்கு மாமியார் நாக்குன்னு பேராமா? உங்கொம்மா வர்றப்ப செடின்னு மட்டும் சொல்லு.

மூணாவது ரூமு எதுக்குன்னு கேட்டேன், துணிமணிக்குன்ன. செரி. துணிக்கு ஒரு ரூமு. ஒறம்பறைக்கு? ஓட்டலுன்னு சொல்லல நீ, சொல்ல வந்த.

இருக்கட்டும். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு வண்டி திரும்பயிலயே தெரியும். பெரிய வண்டி, பின்னால காலி, கயிறு சுருட்டி வெச்சிருக்குது. அந்த நெலவுக் கதவுதான வேணும்? டிவிக்கு எதுத்த செவுத்துல மாட்டறதுக்கு. எங்கப்பன் பொறக்கறதுக்கு முந்தி செஞ்ச கதவு. தொட்டுப் பாருங்க தம்பி. வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு, தேச்சாலும் போகாது. இந்தக் கோடு இவன் ஒசரம், நாலாவது படிக்கையில கரியில போட்டது. கீழ இருக்கறது நாயி பிறாண்டுனது. அதுதான் ரொம்பப் புடிச்சிருக்குதுங்களா? டிஸ்ட்ரஸ்டு பினிசுன்னு தனியாக் காசு குடுத்துப் பண்ணுவாங்களா? அடக் கடவுளே. ஒரு துண்டு எலும்புக்கு அந்த நாயி பண்ணுன வேலை.

கழட்டிக்குங்க. எனக்கொண்ணும் வெசனமில்ல. வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் கதவு மாட்டிக் குடுத்துட்டுப் போங்க, நாங்களும் மாடனா இருக்கோணுமல்ல. கீலு பத்தரம், பித்தளைக் குமிழ் மொத்தம் இருவத்திநாலு, எண்ணி ஏத்து.

சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். ஒரு சாண் நீளம், அதுவும் அழகாத்தான் இருக்கும், தெரியும், கேக்காதீங்க. செவுத்துல மாட்டுன கதவுக்கு எதுக்குச் சாவின்னா? நாளப்பின்ன நான் உங்கூட்டுக்கு வர்றேன், படுக்க எடமில்லைன்னு வெச்சுக்கங்க. அதத் தொறந்து உள்ள போய்ப் படுத்துக்கறேன்.