டிஸ்க் பிரேக்கின் சங்கீதம்

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக் கீச்சிடுவதற்குக் காரணம், பேடும் இரும்புத் தட்டும் ஒட்டியும் வழுக்கியும் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்வது. ஹாரன் பழுதான வண்டிகளில் இது மாற்று ஏற்பாடாகவும் பயன்படுகிறது.

தெருவோர வைத்தியம் ஒன்று உண்டு: தட்டில் இரண்டு சொட்டு எண்ணெய். சத்தம் உடனே நிற்கும், வண்டிதான் நிற்காது. எண்ணெய் குடித்த பேடை நம்பக் கூடாது, ஜோடியாக மாற்றிவிட வேண்டும்.

முறையான வேலை காலிப்பரைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது அழகல்ல, வியாதி. சமதளத்தில் உப்புத்தாளை விரித்து லேசாகத் தேய்த்து, ஓரங்களைச் சற்றே சரிவாக்கலாம். தேய்மானக் கோடு மறைந்திருந்தால் தேய்ப்பதற்கே ஒன்றுமில்லை. புதிது வாங்க வேண்டியதுதான். தட்டைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். காலிப்பர் நகரும் பின்கள், வண்டி வாங்கிய நாள் முதல் கிரீஸைக் கண்டிருக்காது. அங்கே சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம்.

மாட்டி முடித்தபின் ஒரு சின்னத் தகட்டு ஸ்பிரிங் மிஞ்சுவது வழக்கம். "கம்பெனிக்காரன் சும்மா போட்டது" என்று அது டப்பாவுக்குப் போகும். பேடை ஆடாமல் பிடித்திருந்தது அதுதான்.

கிளம்புமுன் லீவர் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தில் பிரேக் பிடிக்காது.