காவலுக்கு நின்றவரையே தூக்கினார்கள்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, சைடு பாக்ஸை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது. அந்தத் தகரப் பெட்டியின் பூட்டு சமத்துவவாதி. பக்கத்து வண்டிச் சாவியையும் ஏற்றுக்கொள்ளும். ரெக்சின் பையென்றால் அந்தச் சிரமமும் இல்லை, வெறும் ஜிப்புதான். உள்ளே ஒரு ரெயின்கோட்டு, வண்டி துடைக்கிற துணி, காலாவதியான இன்சூரன்ஸ் நகல்.

ஊர் ராசி அப்படி. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜாதிராஜ சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துவிட்டு, வாசல் காத்த துவாரபாலகரையே பெயர்த்துக்கொண்டு வந்தான். வந்த கதையைச் சிலையிலேயே கல்வெட்டாகவும் பொறித்து வைத்தான். களவுக்கு இவ்வளவு நேர்மையாக ரசீது எழுதிக் கொடுத்தவர் வேறு யார்? வெற்றிச் சின்னம் என்பார்கள்; ராஜா எடுத்தால் அப்படித்தான் பெயர். அந்தக் காவலர் வெகுகாலம் தாராசுரத்தில் நின்றார். இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அவருக்கே அங்கே வாட்ச்மேன் உண்டு.

கதாயுதம் ஏந்தியவர் கதியே இதுவென்றால், ஜிப்புப் பைக்கு என்ன காவல்? திருடனுக்கும் பெரிய பயமில்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டே சாமி கும்பிடப் போங்கள்.