கண்ணாடி ஏறிய கதை

மாசாய், ஜொகூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கார் வாங்கியதை ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்களாம். கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அதற்கு இருபது வயதுக்கு மேலாகிறது. இன்ஜின் குறை சொல்ல முடியாது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடிதான், சுவிட்சை அமுக்கினால் யார் கூப்பிட்டது என்று விசாரித்துவிட்டுக் கிளம்பும்.

ஏசி போட்டுக்கொண்டு பேசாமல் போ என்பீர்கள். இந்த ஊரில் காரை விட்டு இறங்காமலே நாடு தாண்டலாம் சித்தப்பா. 1924-ல் திறந்த காஸ்வே, நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். இந்த முனையிலும் இமிகிரேஷன், சிங்கப்பூர் முனையிலும் இமிகிரேஷன். இரண்டிலும் கண்ணாடியை இறக்கித்தான் ஆகவேண்டும். 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸில் பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் கோடு காட்டினாலே போதும், சீக்கிரம் முடியுமாம். அவர்கள் மிச்சம் பிடித்த வினாடிகளையெல்லாம் என் கண்ணாடி செலவழித்துவிடும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதில்லை, விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார். அதற்கு நம்மூர் ஹாரனே தேவலை.

இறக்கியதை ஏற்றுவது தனிக்கதை. சாயங்கால மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். கண்ணாடி மேலே போய்ச் சேர்வதற்குள் வலது தோள் தொப்பலாகிவிடும். இடது பக்கம் இஸ்திரி கலையாது.

தெப்ராவ் சாலைப் பக்கம் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறது. சுவர், தூண், கூரை என்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். என் ஒற்றைக் கண்ணாடிக்காகவும் ஒரு விண்ணப்பம் போட்டேன். அம்மன் உலு திராமில் ஒரு பட்டறைக்கு அனுப்பிவைத்தாள்.

“மோட்டர் மாத்தணுமாண்ணே?” என்றேன். “மொதல்ல காடிய ஸ்டார்ட் பண்ணு லா” என்றார் பட்டறை அண்ணன். இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12 வோல்ட் சொச்சம்தான் தரும். ஓடினால் 14-ஐ ஒட்டி வரும். அப்படியும் கண்ணாடி நடைதான், ஓட்டமில்லை. அடுத்து என்னை சுவிட்சை அமுக்கச் சொல்லி, கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கையை அழுத்தி மேலே தூக்கிக் கொடுத்தார். விறுவிறுவென்று ஏறிவிட்டது. “மோட்டர் நல்லாத்தான் இருக்கு. பீடிங் புடிக்குது.”

விஷயம் இதுதான். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளம் வெயிலில் காய்ந்து விறைத்து, அழுக்கும் சேர்ந்து கண்ணாடியைக் கவ்விக்கொள்கிறது. மோட்டர் அதோடு மல்லுக்கட்டிக் களைக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றிப் பள்ளத்துக்குள் இழுத்தார்; கண்மை மாதிரி கறுப்பாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு சிலிக்கான் ஸ்பிரே. பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கையெட்டும் தூரத்தில் இருந்தும் தொடவில்லை. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும், தூசி ஒட்டும், மறுபடி இதே கூத்தாம். நாலைந்து முறை ஏற்றி இறக்கினார், முடிந்தது. இதற்கும் மசியாவிட்டால்தான் கதவு பேடைக் கழற்றி ரெகுலேட்டர் கேபிளையும் மோட்டரையும் பார்க்க வேண்டுமாம். பேடைக் கழற்றினால் நாலு கிளிப் உடையும், அதன்பின் கதவு பேச ஆரம்பித்துவிடும்.

கூலி வாங்கவில்லை. டின்னுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு மீதி ஸ்பிரேயை என்னிடமே கொடுத்துவிட்டார். உங்கள் அம்பாசடருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, கைப்பிடி கையோடு வரும் தொல்லைதான்.

டிசம்பரில் வருகிறீர்களே, இங்கே அடைமழைக் காலம். நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள். பின் கண்ணாடிகளுக்கு இன்னும் ஸ்பிரே அடிக்கவில்லை. சித்திக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்